வெறுங்காலுக்கு ஒரு பெடல்

அண்ணன் செத்த பதினாறாம் நாள் கருமாதி. சாப்பாட்டுக்கு வந்த எங்க ஆர்கெஸ்ட்ரா ஓனரு, கை கழுவித் துண்டுல தொடச்சுக்கிட்டே என்கிட்ட வந்து சொன்னாரு: "பாப்பா, தப்பா நெனச்சுக்காத. பங்குனியிலேர்ந்து பேஸை கீபோர்டுலயே வச்சுக்கலாம்னு பாக்குறோம்."

நான் அப்பதான் எச்சில் எலைய அள்ளிப் போட்டுட்டு நின்னேன். கை முழுக்க குழம்பு. "சரிங்க"ன்னுட்டேன். அவரு வண்டிய எடுத்துக்கிட்டுப் போன பொறகுதான், என்னத்துக்கு சரின்னு சொன்னேன்னே புரிஞ்சுது. அன்னிக்கு பூரா என்னை நானே திட்டிக்கிட்டேன்.

எங்க ஆர்கெஸ்ட்ரா ஒண்ணும் பெருசு இல்ல. கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கட்சிக் கூட்டத்துல தலைவர் வர்ற வரைக்கும் ஜனத்தை உக்கார வைக்க ஒரு மணி நேரம். கொள்ளிடக் கரையிலேர்ந்து முத்துப்பேட்டை வரைக்கும் ஒரு வேன்ல போய்ட்டு வருவோம். அதுல அண்ணன் ஏழு வருஷமா பேஸ் கிடார் வாசிச்சுச்சு. நான் உள்ள வந்தது ஒரு அறுப்புல. அண்ணனுக்கு அருவா வெரல்ல பட்டுடுச்சு, மறுநாள் ரிசப்ஷன். "எந்தங்கச்சி வாசிக்கும், நான் வயலுக்குப் போனா கிடாரு அது மடியிலதான் கெடக்கு"ன்னு அண்ணனே ஓனருகிட்ட போட்டுக் குடுத்துடுச்சு. பத்துப் பாட்டு வாசிச்சேன். என்னைப் பாக்க ஸ்டேஜ் பக்கத்துல ஒரு கூட்டம். பேஸ் கேக்க வந்த கூட்டம் இல்ல. ஒரு பொட்டப்புள்ள கிடாரு மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு வந்தது. அதுக்கப்புறம் நடவு, அறுப்பு, கோர்ட்டு வாய்தா, எதுனால அண்ணன் வர முடியாட்டியும் நான் போவேன். மூணு வருஷம் அப்படி ஓடுச்சு.

அந்த வாய்தா எதுக்குன்னு சொல்லணும். நாங்க சாகுபடி பண்றது கோயில் நிலம், ஒன்றரை ஏக்கர். எங்க தாத்தா கூலிக்கு எறங்குன அதே நிலம் அப்பா காலத்துல குத்தகையா எங்களுக்கு வந்துச்சு. அப்பா செத்தப்பறம் குத்தகைய எங்க பேருக்கு மாத்தாமலே கெடந்துச்சு. அத மோப்பம் புடிச்சு, பக்கத்து ஊரு கட்சிக்காரரு ஒருத்தரு, குத்தகை தன் பேருக்கு வந்துடுச்சுன்னு ஒரு காயிதத்தோட வந்தாரு. எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. அந்த ஆட்சியில ஒரு கரை வேட்டி, இந்த ஆட்சியில வேற கரை வேட்டி, உள்ள இருக்கற ஆளு அதே ஆளுதான். தாவா நடக்கும்போதே பாதி வயலப் புடிச்சு நடுவுல வரப்பு போட்டுட்டாங்க அவரு ஆளுங்க.

தை மாசம், கதிரு முத்தி நிக்குது. பன்னி வருதுன்னு அந்த வரப்பு ஓரமா கம்பி இழுத்து, மோட்டார் கொட்டாயிலேர்ந்து கரண்டு குடுத்திருக்காங்க. எங்க பக்கம் வயல் மோட்டாருக்குக் கரண்டு ஃப்ரீ. அண்ணன் விடியக்காலையில தண்ணிய வடிய விடலாம்னு போச்சு. வெறுங்காலு, ஈர வரப்பு. அவ்ளதான்.

விபத்துன்னு எழுதிக்கிட்டாங்க. கம்பி கட்டுனது காவக்காரருன்னு ஒரு வயசானவரைப் புடிச்சு உள்ள வச்சு, கொஞ்ச நாள்ல விட்டுட்டாங்க. கட்சிக்காரரு பெரிய மாலையோட எழவுக்கு வந்து, அஞ்சு நிமிஷம் கைகட்டி நின்னுட்டுப் போனாரு.

இப்ப பெடலுக்கு வர்றேன்.

ஓனரு சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. இப்ப ஜனங்க ஆடுற பாட்டுல பேஸ் கிடாரு எங்க இருக்கு? எல்லாம் சிந்த் பேஸ், மெஷின்லயே உண்டாக்குற பேஸ். வயித்துக்குள்ள உருளுற மாதிரி, வாயத் தெறந்து மூடுற மாதிரி ஒரு சத்தம். நாலு கம்பிய வெரலால தட்டுனா அது வராது. கீபோர்டுல எடது கையால ரெண்டு கட்டைய அமுக்குனா வந்துடும். அதுக்குத்தான் பெடல். கிடாரு ஒயர அதுல சொருகி, அதுலேர்ந்து இன்னொரு ஒயரு ஆம்ப்ளிஃபயருக்கு. காலால மிதிச்சா கம்பிச் சத்தம் சிந்த் சத்தமா மாறும், திரும்ப மிதிச்சா பழையபடி கிடாரு. அண்ணன் ஒரு வருஷமா போன்ல அந்த வீடியோவாதான் பாத்துச்சு. சாப்புடும்போதும் பாக்கும். அம்மா திட்டும்.

மூணு நாள் கழிச்சு ஓனரு வீட்டுக்குப் போனேன். கீபோர்டுக்காரரும் அங்கதான் இருந்தாரு.

"பெடல் வாங்கிடுறேங்க. சிந்த் பேஸ் நானே வாசிக்கிறேன். என்னை எடுத்துடாதீங்க."

கீபோர்டுக்காரரு சிரிச்சாரு. "போச்சுடா. எடது கைக்குத் தனிச் சம்பளம் கேக்கலாம்னு இருந்தேன், கெடுத்துட்டியே."

ஓனரு சிரிக்கல. "பங்குனியில ஒரு திருவிழா புரோகிராம் ஒத்துக்கிட்டிருக்கேன். அதுல வாசிச்சுக் காட்டு. சரியா இருந்தா இரு. இல்லன்னா கோரஸுக்கு ஆளு வேணும், பாட வா."

எனக்குப் பாட வராது. அது அவருக்கும் தெரியும். ஸ்டேஜுல டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவுல அண்ணன் நிக்கிற நாலடி எடம், அதுதான் போகப்போவுது. அங்க ஒரு ஸ்பீக்கர நகத்தி வச்சுட்டா அப்படி ஒருத்தன் நின்னான்னே யாருக்கும் ஞாபகம் இருக்காது. அது மட்டும்தான் என் மனசுல இருந்துச்சு.

அண்ணன் கிடார பையில போட்டுக்கிட்டு திருச்சிக்கு பஸ் ஏறுனேன். காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுத எனக்குப் புடிக்கல. இருந்துச்சு. கடையில ஏசி. விக்கிற பையனுக்கு என் வயசு இருக்கும். மூணு பெடல எடுத்துக் கண்ணாடி மேல வச்சான்.

நான் கேட்ட மொத கேள்வி, "இதுல எது பேட்டரியில ஓடும்?"

"மேடம், எல்லாரும் சவுண்டு எப்படின்னுதான் கேப்பாங்க."

"நீங்க சொல்லுங்க. எது கரண்டு இல்லாம ஓடும்?"

அவன் ஒரு மாதிரி பாத்தான். நான் என்னன்னு சொல்றது. அந்தத் தையிலேர்ந்து வீட்டுல ஃபேன் சுவிட்ச நான் கையால தொடல, அகப்பைக் காம்பாலதான் தட்டுவேன். அம்மா கவர்மெண்டு மிக்சிய சாக்குல சுத்திப் பரண்ல போட்டுடுச்சு, அம்மியிலதான் அரைக்குது. ஸ்டேஜுல வெறுங்காலோட, ஒரு இரும்புப் பெட்டிய, ஒயரு போற பெட்டிய மிதிக்கணும்னு நெனச்சாலே எனக்கு உள்ளங்கால் சுருண்டுக்கும். கோயில் திடல்ல வாசிக்கும்போது செருப்பு போட முடியாது. சாமி எதிர்ல இருக்கு. எங்க புரோகிராம்ல பாதிக்கு மேல கோயில்தான்.

மொத பெடல் பெருசு. ரெண்டு இரும்புக் குமிழு, அதத்தான் மிதிக்கணும். மேல ஏழெட்டுத் திருகு. மாட்டி வாசிச்சுப் பாத்தேன். எப்படிச் சொல்றது. அடிக் கம்பியத் தட்டுனவுடனே அதே நேரத்துல சத்தம் வந்துச்சு, தடுமாறவே இல்ல. இந்த மாதிரி பெடலுக்கு அடிக் கம்பிதான் பரீட்சை. சத்தம் ரொம்பத் தாழ இருந்தா அது என்ன ஸ்வரம்னு பெட்டிக்குப் புரிய நேரம் புடிக்கும், அதுக்குள்ள தாளம் நகந்துடும். இதுல அந்தக் கோளாறு இல்ல. சிந்த் சத்தத்தோட கொஞ்சம் அசல் கிடார் சத்தத்தையும் கலந்துக்க ஒரு திருகு வேற இருந்துச்சு. கூட்டத்துல, திறந்த வெளியில, அது இல்லன்னா பேஸ் காத்துல கரைஞ்சுடும்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருக்கும். இதத்தான் அது வாங்கியிருக்கும். எனக்கு சந்தேகமே இல்ல.

"இது அடாப்டர்ல மட்டும்தான் மேடம்."

ரெண்டாவது சின்னது. வெலை கம்மி, சத்தமும் ஒரே சத்தம்தான், கொசு மாதிரி. மூணாவது மேல அகலமா ரப்பர் போட்ட மிதி. பேட்டரி போடலாம். வாசிச்சேன். மேல் கம்பியில நல்லா வந்துச்சு. அடிக் கம்பியில ஒரு நொண்டு நொண்டுது. ரெண்டு கம்பி சேந்து அதிர்ந்தா கோழி கழுத்தப் புடிச்ச மாதிரி கத்துது. அசல் சத்தம் கலக்குற திருகு கெடையாது.

அந்தப் பையன் நல்லவன். "மேடம், உண்மையச் சொல்லட்டா? லைவுக்குன்னா மொதல்ல பாத்ததுதான். இது வீட்டுல வெளயாட ஓகே."

"அடிக் கம்பிய விட்டுட்டு மேல் கட்டையில வாசிச்சா நொண்டாதுல்ல?"

"நொண்டாது. ஆனா பேஸ் வாங்கிட்டு எதுக்கு மேல் கட்டையில வாசிக்கணும்?"

நான் ரப்பர் போட்டதயே வாங்குனேன். எது நல்லதுன்னு தெரிஞ்சே நல்லா இல்லாதத வாங்குனேன். பஸ்ஸுல வரும்போது, அண்ணன் பக்கத்துல உக்காந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வர்ற மாதிரியே இருந்துச்சு.

வீட்டுல ப்ராக்டிஸ் பண்ண எங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் கெடையாது. கவர்மெண்டு குடுத்த கலர் டிவிதான். பின்னாடி சிவப்பு ஓட்டையில அண்ணன் ஒரு ஒயர ஒட்டுப் போட்டு சொருகி வச்சிருந்துச்சு. டிவி ஸ்பீக்கரு எப்பவோ கிழிஞ்சு போச்சு, அதுலயே வாசிப்போம். நான் பெடல எடுத்துக் கீழ வச்சதும் அம்மா வந்து பாத்துச்சு.

"இது என்ன?"

"வாத்தியம்மா. கிடாரோட சேத்தி."

"காலால மிதிக்கிறதா? வாத்தியத்தையா?"

அம்மா ஒரு பொட்டு குங்குமத்த எடுத்துட்டு வந்து அது மேல வச்சுச்சு. எனக்கு சட்டுன்னு ஒரு வழி கெடச்ச மாதிரி இருந்துச்சு. எங்க ஆர்கெஸ்ட்ராவுல யாரு கால் யாரு வாத்தியத்துல பட்டாலும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். புரோகிராம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லா வாத்தியத்துக்கும் சூடம் காட்டுவாரு ஓனரு. அப்ப நான் இத மிதிக்க மாட்டேன்னு சொன்னா யாரு என்ன கேக்க முடியும்?

ரிகர்சலுக்கு ஓனரோட லாரி பாடி கட்டுற ஷெட்டு. நான் ஒரு பிளாஸ்டிக் சேர இழுத்துப் பக்கத்துல போட்டு அது மேல பெடல வச்சேன். பாட்டுல சிந்த் பேஸ் வர்ற எடத்துல குனிஞ்சு கையால ரப்பர அமுக்குனேன்.

ஓனரு பாட்ட நிறுத்துனாரு. "என்ன பாப்பா, பெடலுக்கு சேரெல்லாம் போட்டு உக்கார வச்சிருக்க? டீ சொல்லட்டா அதுக்கு?"

எல்லாரும் சிரிச்சாங்க.

"வாத்தியம்ங்க. காலால மிதிக்கக் கூடாதுன்னு அம்மா பொட்டு வச்சு குடுத்திருக்கு."

சிரிப்பு நின்னுடுச்சு. ஓனரு அந்தக் குங்குமத்தப் பாத்துட்டு, "அதுவும் சரிதான்"னாரு. டிரம்ஸ் வாசிக்கிறவன்தான் சும்மா இருக்கல. "அண்ணே, அப்ப நான் பத்து வருஷமா கிக் டிரம்ம மிதி மிதின்னு மிதிக்கிறேனே, நான் நரகத்துக்கா?"

"டேய், அது வேற."

"எப்படிண்ணே வேற? அது மாட்டுத்தோலு. இது வெறும் தகரம்."

"நீ வாயாலதான் வாசிப்ப. குச்சிய எடு."

அப்படியே நின்னுடுச்சு பேச்சு. ஆனா பாட்டு சரியா வரல. குனிஞ்சு அமுக்கி நிமிர்றதுக்குள்ள ஒரு பீட்டு போயிடுது. வலது கைய எடுத்தாத்தானே அமுக்க முடியும், அந்த நேரம் கம்பியில யாரு தட்டுறது? நாலு எடத்துல அமுக்குனா நாலு ஓட்டை. கீபோர்டுக்காரரு என் பக்கமே பாக்காம எடது கையால அந்த ஓட்டைய அடச்சுக்கிட்டே வந்தாரு. நல்ல மனசுல செஞ்சாருன்னு நெனக்கிறேன். ஆனா அவரு அடைக்க அடைக்க, நான் இல்லாமலே பாட்டு ஓடும்னு எல்லாருக்கும் காட்டுன மாதிரியும் ஆயிடுச்சு. பேட்டரியும் ரெண்டு மணி நேரம்தான். அப்புறம் சத்தம் சுருங்கிடுது.

திருவிழா அன்னிக்கு மத்தியானம் வேன் ஊருக்குள்ள திரும்புனப்பதான் நான் பேனரப் பாத்தேன். விழாக் கமிட்டித் தலைவர்னு போட்டு, கும்புட்டுக்கிட்டு நிக்கிறாரு அந்தக் கட்சிக்காரரு. அவரு ஊரு. எங்க வயலு அங்கேர்ந்து ரெண்டு மைலு.

நான் ஓனரப் பாத்தேன். அவரு ஜன்னல் பக்கம் பாத்தாரு.

"இந்த ஊருன்னு சொல்லவே இல்லியே."

"சொன்னா வந்திருப்பியா?"

"எங்கண்ணன் உங்ககூட ஏழு வருஷம் இருந்துச்சு."

"தெரியும் பாப்பா. உங்கண்ணன் பாடைய நான்தான் தூக்குனேன், தோள்ல. ஆனா எனக்கு எல்லா ஊரும் வேணும். பத்து பேரு இந்த வேன்ல இருக்கான். எறங்கணும்னா எறங்கிக்க, பஸ்ஸு ஏத்தி விடுறேன். தப்பா நெனக்க மாட்டேன்."

தப்பா நெனக்க மாட்டாரு. ஸ்பீக்கர நகத்தி வச்சுடுவாரு. நான் எறங்கல.

காலித் தார் டிரம்ம அடுக்கி அது மேல பலகை போட்ட ஸ்டேஜு. திடலுக்குத் தண்ணி தெளிச்சிருந்தாங்க, பலகையெல்லாம் ஈரம். செருப்பக் கழட்டிட்டு ஏறி, சேரு மேல பெடல வச்சு சவுண்டு பாத்தேன். மைக்செட்காரரு ஒயரு மாட்டிக்கிட்டே என்னைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அம்பது வயசுக்காரரு, அண்ணன நல்லாத் தெரியும். கிட்ட வந்து மெதுவாக் கேட்டாரு.

"ஏம்மா, நெசத்தச் சொல்லு. சாமிக்காகவா சேரு, ஷாக்குக்காகவா?"

எனக்குப் பொய் சொல்ல வரல. "ஷாக்குக்காகத்தான்."

"பேட்டரிதானே போட்டிருக்க?"

"ஆமா. அதனாலதான் இத வாங்குனேன்."

அவரு சட்டைப் பையிலேர்ந்து டெஸ்டர எடுத்தாரு. என் கிடார் கம்பி மேல வச்சாரு. உள்ள இருக்குற குட்டி பல்பு மங்கலா, செவப்பா எரிஞ்சுது.

"பெட்டியில பேட்டரி இருந்தா என்ன, அதுலேர்ந்து ஒயரு ஆம்ப்ளிஃபயருக்குத்தானம்மா போவுது? அங்க கசிஞ்சா பெடல் மேலயும் வரும், கம்பி மேலயும் வரும். ஒரே வழி. காலுக்கு பயந்து சேரு போட்ட. கையில மூணு வருஷமா எதப் புடிச்சிருக்க?"

கிடார நான் கழட்டுனதுகூட ஞாபகம் இல்ல. கீழ வச்சுட்டு ஸ்டேஜ் ஓரத்துக்குப் போய் நின்னேன். புறங்கையால கண்ணத் தொடச்சுக்கிட்டேன். அண்ணன் எத்தனையோ தடவ, மைக்குல ஒதடு பட்டுட்டு "கடிக்குதுடா"ன்னு சிரிச்சிருக்கு. நாங்களும் சிரிப்போம். ஏழு வருஷம் இந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு ஈரப் பலகையில வெறுங்காலோட நின்னிருக்கு. அங்க ஒண்ணும் ஆவாம, சொந்த வயல்ல போய்… என்னால யோசிக்க முடியல. பயந்து வாங்குன பெடலு பயத்துக்கும் உதவல, பாட்டுக்கும் உதவல. திருச்சிக் கடையில அந்த நல்ல பெடல எடுத்திருக்கலாம். அதுவும் இதுவும் ஒண்ணுதான்.

"அழுவாத. இரு"ன்னுட்டு மைக்செட்காரரு டிரம்ஸ்காரனக் கூப்பிட்டாரு. ரெண்டு பேரும் ஸ்டேஜுக்குப் பின்னால குழி தோண்டி, ஆளுயரக் கம்பி ஒண்ண சம்மட்டியால அடிச்சு எறக்குனாங்க. அன்னதானப் பந்தல்லேர்ந்து உப்ப அள்ளிட்டு வந்து கொட்டி, ரெண்டு கொடம் தண்ணி ஊத்துனாங்க. உப்பு குடுத்த அம்மா, "யாருக்கு பரிகாரம்?"னு கேட்டுச்சு. "ஜெனரேட்டருக்கு"ன்னான் டிரம்ஸ்காரன். கம்பியிலேர்ந்து ஒரு ஒயர ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்து முடிஞ்சாங்க. எர்த்து, கசியற கரண்டு இனி மண்ணுக்குள்ள எறங்கிடும். திரும்ப டெஸ்டர வச்சாரு. எரியல.

"நம்பல நீ. சரி, பாரு." கால தண்ணியில நனச்சுக்கிட்டு வந்து பெடல சேருலேர்ந்து கீழ எறக்கி அது மேல நின்னாரு. கையில கிடாரோட நாலு கம்பியையும் சேத்துப் புடிச்சாரு. "எனக்கு எதாவது ஆனா எம்பொண்டாட்டிக்கு போன் போட்டுடு. ரொம்ப நாளா எதிர்பாக்குறா."

ஆறரைக்கு ஆரம்பிச்சோம். சூடம் காட்டி சாமி பாட்டு ரெண்டு. மொத வரிசையில கட்சிக்காரரு வந்து உக்காந்தாரு. வெள்ளை வேட்டி, கையில ரெண்டு போன். என்னை அவருக்கு அடையாளம் தெரியல. எழவு வீட்டுல பொம்பளைங்களோட பொம்பளையா கெடந்தேன், எங்க பாத்திருக்கப் போறாரு.

மூணாவதுதான் ரிகர்சல்ல நான் ஓட்டை விட்ட அந்தப் பாட்டு. ஆரம்பம் வெறும் டிரம்ஸ், நாலு தடவ சுத்துனதும் சிந்த் பேஸ் தனியா எறங்கணும். வேற ஒண்ணும் இருக்காது அந்த எடத்துல. கீபோர்டுக்காரரு எடது கையக் கட்டை மேல வச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு. நான் வேணாம்னு தலையாட்டுனேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. எங்கால் நகரல. நாலாவது சுத்து முடிஞ்சும் நகரல. டிரம்ஸ்காரன் புரிஞ்சுக்கிட்டு அஞ்சாவதா ஒரு சுத்து சுத்துனான். அப்ப வச்சேன். ரப்பரு குளிர்ச்சியா இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல. கம்பியத் தட்டுனேன், பலகை அடியிலேர்ந்து அந்தச் சத்தம் எழும்பி வந்துச்சு. பையங்க விசில் அடிச்சு எழுந்துட்டாங்க. நான் அடிக் கம்பிப் பக்கமே போகல, மேல் கட்டையிலயே வாசிச்சேன். பாதி பாட்டுல நிமிந்து பாத்தா, மொத வரிசையில அவரு காலால தாளம் போட்டுக்கிட்டு இருக்காரு.

எனக்கு அழுவை வரல. நல்லா வாசிக்கிறோம்னு ஒரு சந்தோஷம் வந்துச்சு, அது வந்ததுக்காக என் மேலயே ஒரு அருவருப்பு வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வந்துச்சு.

பாட்டு முடிஞ்சதும் ஒரு சீட்டு வந்துச்சு ஓனருக்கு. மைக்குல படிச்சாரு: "பேஸ் வாசித்த சகோதரிக்கு, விழாக் கமிட்டித் தலைவர் அண்ணன் அவர்கள் பொன்னாடை போர்த்தி கௌரவிக்கிறார்." படிக்கும்போதே அவரு கொரலு எறங்கிடுச்சு. எங்க பக்கம் அது வழக்கம்தான். நாம எறங்கிப் போயி குனிஞ்சு நிக்கணும், அவங்க போத்துவாங்க, போட்டோ எடுப்பாங்க. கட்சிக்காரரு எழுந்து, துணிய விரிச்சுக்கிட்டு நின்னாரு.

ஓனரு என்னைப் பாத்தாரு. கண்ணாலயே கெஞ்சுனாரு.

நான் பெடல மிதிச்சு, அடிக் கம்பியத் தட்டுனேன். அது நொண்டிக்கிட்டே வந்துச்சு, நீளமா. திரும்பத் தட்டுனேன். அடுத்த பாட்டோட ஆரம்பம் அது. டிரம்ஸ்காரன் ஒரு நொடி என்னையும் ஓனரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, குச்சியத் தூக்கிட்டான். அவ்ளதான், பாட்டு ஓட ஆரம்பிச்சுடுச்சு. பாட்டு ஓடும்போது யாரும் எறங்க முடியாது. அவரு விரிச்ச துணியோட கொஞ்ச நேரம் நின்னாரு, அப்புறம் பக்கத்துல இருந்தவன் கையில அதத் திணிச்சுட்டு உக்காந்துட்டாரு.



நாலு நாள் கழிச்சு ஓனரு வீட்டுக்கு வந்தாரு. உக்காரல. "அந்த ஊருல இனிமே நமக்குப் புரோகிராம் கெடையாது. அடுத்த ஊருலயும் சொல்லிட்டாங்களாம்."

"கீபோர்டுலயே வச்சுக்கங்க."

"அவன்கிட்ட கேட்டேன். அந்தப் பாட்டுக்கெல்லாம் தன் எடது கை வராதுங்கறான்." அவரு என் மூஞ்சியப் பாக்கல. "பொய்யி. அவன் எடது கையில என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழம திருப்பனந்தாள் பக்கம் ரிசப்ஷன். வந்துடு."

"எர்த்து அடிக்காம நான் ஏற மாட்டேங்க."

"மைக்செட்காரன் சொன்னான். அடிச்சுக்கலாம்."

இப்ப எல்லா ஊருலயும் மொத வேலை அந்தக் கம்பிய எறக்குறதுதான். டெஸ்டர் ஒண்ணு நானே வாங்கி வச்சிருக்கேன். எரியலன்னு பாத்துட்டுத்தான் கிடார மாட்டுறேன். அப்படியும், மொத தடவ கால் வைக்கிற நேரத்துல ஒடம்பு கட்டையாயிடுது. ஒரு பீட்டு எனக்கு இன்னும் லேட்டுதான். கீபோர்டுக்காரரு என் பக்கம் திரும்பாமலே அந்த ஓட்டைய எடது கையால மூடிட்டுப் போயிடுறாரு. கீழ நிக்கிறவங்களுக்கு அது தெரியாது.